உரைத்திருத்தியிலிருந்து மின்னஞ்சல்: ஒரு கடவுச்சொல் இரண்டு வழிகளில் வெளிப்பட்ட நிகழ்வின் ஆய்வு

பின்னணி

எட்டுப் பேர் கொண்ட ஓர் ஆய்வுக் குழுவில் கணினிகளையும் பொதுக் கோப்புக் களஞ்சியத்தையும் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. இங்கே பதிவாகும் நிகழ்வு அக்குழுவின் மூத்த ஆய்வாளர் ஒருவருக்கு நேர்ந்தது. அவருடைய இசைவோடும், அவரையோ அஞ்சல் சேவையை நடத்துவோரையோ அடையாளம் காட்டாமலும் எழுதுகிறேன்.

கட்டுரை, குறிப்பு, நிரல் என எதையும் ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தியிலேயே எழுதிப் பழகியவர் அவர். மின்னஞ்சலுக்காக மட்டும் உலாவிக்குப் போய்வருவது எழுத்தின் ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று கருதி, ஈமாக்ஸிலிருந்தே அஞ்சல் அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டார். இதற்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. அஞ்சல் எழுதும் பகுதியும், எழுதியதை, அஞ்சல் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி நெறிமுறைப்படி சேவையகத்திடம் ஒப்படைக்கும் ‘எஸ்எம்டிபிமெயில்’ என்ற நூலகமும் ஈமாக்ஸுடனேயே வருகின்றன. சேவையகத்தின் பெயர், அதில் இணையும் வாயிலைக் குறிக்கும் போர்ட் எண் 587, பயனர் பெயர் ஆகிய மூன்றையும் தொடக்கக் கோப்பில் எழுதினால் பெரும்பாலும் அஞ்சல் போய்விடும்.

அவர் அந்த மூன்றோடு நிற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கி வைத்திருந்த அமைப்புக் கோப்பிலிருந்து மேலும் இரண்டு வரிகளை எடுத்துச் சேர்த்திருந்தார். ஒன்று அங்கீகாரத்துக்கான விவரங்களைத் தரும் மாறி, அதாவது ஓர் அமைப்பு மதிப்பைத் தாங்கும் பெயர். மற்றொன்றின் பெயரிலேயே ‘ஸ்டார்ட்-டிஎல்எஸ்’ என்ற சொல் இருந்தது. திறந்த இணைப்பை டிஎல்எஸ் என்ற குறியாக்க முறைக்கு மாற்றும் கட்டளை அது. இந்த இரண்டாவது வரி இருப்பதால் குறியாக்கம் கட்டாயமாக்கப்பட்டுவிட்டது என்று அவர் நம்பினார். ஆனால் 2012-இல் வெளிவந்த ஈமாக்ஸ் 24.1 பதிப்பில் எஸ்எம்டிபிமெயில் நூலகம் திருத்தி எழுதப்பட்டபோதே அவ்விரு மாறிகளும் கைவிடப்பட்டுவிட்டன. எந்த நிரலும் படிக்காத ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுப்பதை, ஈமாக்ஸின் நிரல்மொழியான ஈமாக்ஸ் லிஸ்ப் தவறென்று சொல்வதில்லை என்பதால், பிழைச்செய்தி ஏதும் இன்றி அந்த வரிகள் கோப்பில் கிடந்தன. அவற்றின் இடத்தில் இன்று இருக்கும் மாறி, இணைப்பின் வகையைக் குறிக்கும் ‘ஸ்ட்ரீம்-டைப்’. அதை அவர் தொடவே இல்லை.

அந்த மாறியின் இயல்பு மதிப்பு வெறுமை. அப்படி இருக்கும்போது ஈமாக்ஸ் முதலில் குறியாக்கமற்ற இணைப்பைத் தொடங்குகிறது. சேவையகம் தன் திறன்களைப் பட்டியலிடும்போது அதில் ஸ்டார்ட்-டிஎல்எஸ் இருந்தால் குறியாக்கத்துக்கு மாறுகிறது. இல்லாவிட்டால் திறந்த இணைப்பிலேயே தொடர முனைகிறது. கிடைத்தால் பூட்டு, கிடைக்காவிட்டால் திறந்த கதவு என்ற இந்த ஏற்பாடு, பூட்டு எப்போதும் கிடைக்கிற இடத்தில் எவர் கண்ணிலும் படாது.

ஈமாக்ஸ் கேட்ட இரண்டு கேள்விகள்

முதல் அஞ்சலை அனுப்பியபோது ஈமாக்ஸ் கடவுச்சொல்லைக் கேட்டது. அவர் நிறுவனக் கணக்கின் கடவுச்சொல்லைத் தட்டினார். அஞ்சலுக்கும், விடுப்பு விண்ணப்பத்துக்கும், நூலகத்துக்கும் ஒன்றாகவே இருந்த கடவுச்சொல் அது. சேவையகம் ஏற்றுக்கொண்டது. உடனே, இந்த விவரத்தை முகப்பு அடைவிலுள்ள ‘.ஆத்இன்ஃபோ’ கோப்பில் சேமிக்கலாமா என்ற கேள்வி வந்தது. அவர் ‘ஒய்’ விசையை அழுத்தினார். அந்த ஒரு விசையின் விளைவாகச் சேவையகப் பெயர், பயனர் பெயர், போர்ட், கடவுச்சொல் நான்கும் ஒரே வரியில், எவர் திறந்தாலும் படிக்கக்கூடிய வெற்று உரையாகக் கோப்பில் பதிந்தன.

இரண்டாவது கேள்வி ஏழு வாரங்களுக்குப் பிறகு, ஒரு கூட்டத்துக்காக வேறோர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தபோது வந்தது. விருந்தினர் வைஃபையில் இணைந்து அஞ்சல் அனுப்ப முயன்றார். ஈமாக்ஸின் பிணையப் பாதுகாப்பு மேலாளர், அதாவது 25.1 பதிப்பிலிருந்து உடன்வரும் கண்காணிப்புப் பகுதி, இணைப்பு குறியாக்கப்படவில்லை என்று எச்சரித்து, தொடரலாமா என்று கேட்டது. கூட்டம் தொடங்க இரண்டு நிமிடம் இருந்ததாம். ‘எப்போதும்’ என்ற தெரிவை அழுத்திவிட்டார். அந்த விடை ஈமாக்ஸின் அடைவிலுள்ள பிணையப் பாதுகாப்புத் தரவுக் கோப்பில் விதிவிலக்காகப் பதிந்ததால், அதன்பின் அந்த அலுவலகத்துக்கு எத்தனை முறை சென்றாலும் எச்சரிக்கை வரவில்லை.

இரண்டு முறையும் மென்பொருள் கேட்காமல் எதையும் செய்யவில்லை என்பதைப் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் வேலையை முடிக்கும் அவசரத்தில் இருப்பவரிடம் இவ்வளவு பின்விளைவுள்ள கேள்வியை ஒற்றை விசை விடையாகக் கேட்பது நல்ல வடிவமைப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

கண்டறிந்தவை

ஐந்தாம் மாதத்தில் அவருக்குப் புதிய மடிக்கணினி வந்தது. பழைய கணினியின் அமைப்புக் கோப்புகளை அவர், பழைய பதிப்புகளின் வரலாற்றையும் காக்கும் கிட் களஞ்சியமாகக் குழுவின் சேவையகத்தில் வைத்திருந்தார். அதை எட்டுப் பேரும் படிக்க முடியும். புதிய கணினிக்கு அதைப் பிரதியெடுக்கும்போது கோப்புப் பட்டியலில் ‘.ஆத்இன்ஃபோ’ இருப்பதைக் கண்டேன். புள்ளியில் தொடங்கும் கோப்புகள் அனைத்தையும் சேர்க்கும்படி அவர் எழுதியிருந்த ஒரு சிறு ஸ்கிரிப்ட் அதையும் சேர்த்திருந்தது. கடவுச்சொல் நான்கு மாத வரலாற்றில் இருந்தது.

சேமிப்பு இப்படி இருந்தால் அஞ்சல் போகும் வழி எப்படி இருந்திருக்கும் என்ற ஐயம் எழுந்ததால், அவர் எனக்கு அனுப்பியிருந்த 41 அஞ்சல்களின் முழுத் தலைப்பு வரிகளையும் எடுத்துப் பார்த்தேன். அனுப்புநரிடமிருந்து அஞ்சலை முதலில் பெறும் சேவையகம் தான் எந்த முறையில் அதைப் பெற்றது என்பதை ‘ரிசீவ்டு’ வரியில் குறிக்கிறது. அங்கீகாரமும் டிஎல்எஸ் குறியாக்கமும் இருந்தால் ‘இஎஸ்எம்டிபிஎஸ்ஏ’ என்றும், அங்கீகாரம் மட்டும் இருந்து குறியாக்கம் இல்லாவிட்டால் ‘இஎஸ்எம்டிபிஏ’ என்றும் எழுத வேண்டும் என்பது 2004-இல் வெளியான ஆர்எஃப்சி 3848 என்ற இணையத் தரநிலை ஆவணம் வகுத்த முறை. ஓர் எழுத்துதான் வேறுபாடு. 38 அஞ்சல்களில் அந்த எழுத்து இருந்தது. 3 அஞ்சல்களில் இல்லை. அந்த மூன்றும் அவர் அந்த அலுவலகத்துக்குச் சென்றிருந்த நாள்களைச் சேர்ந்தவை.

அடுத்த கூட்டத்துக்கு நானும் உடன் சென்றேன். இதற்கென உருவாக்கிய சோதனைக் கணக்கையும் பிணையத்தில் செல்லும் தரவுப் பொட்டலங்களைப் பதிவு செய்யும் வயர்ஷார்க் மென்பொருளையும் கொண்டு, வழியில் ஒருவர் ஒட்டுக் கேட்டால் என்ன காண்பாரோ அதையே நாங்களும் பார்த்தோம். சேவையகம் அனுப்பும் திறன் பட்டியலில் ஸ்டார்ட்-டிஎல்எஸ் இருக்க வேண்டிய வரி ‘எக்ஸ்’ எழுத்துகளின் வரிசையாக மாறி வந்தது. நடுவிலுள்ள தீயரண் அஞ்சல் உரையாடலைச் சோதிப்பதற்காக அந்தச் சொல்லை அழித்து அனுப்பியது. தீய நோக்கம் ஏதும் இன்றி, பழைய அமைப்பின் எச்சமாகவே இது பல இடங்களில் நடக்கிறது. பட்டியலின் மற்றொரு வரியில், அங்கீகார முறைகளைச் சொல்லும் ‘ஆத் பிளெயின் லாகின்’ மட்டும் சேதமில்லாமல் இருந்தது. எனவே ஈமாக்ஸ் திறந்த இணைப்பிலேயே அங்கீகார வரியை அனுப்பியது.

அந்த வரி பார்வைக்குப் புரியாத எழுத்துக் கோவைபோல் இருந்ததால், அதுவே ஒருவகைக் குறியாக்கம்தானே என்று ஆய்வாளர் கேட்டார். அந்த வரி பேஸ்64 வடிவில் இருந்தது. பேஸ்64 என்பது எழுத்தின் வடிவத்தை மாற்றும் முறை மட்டுமே. அதற்குத் திறவுகோல் கிடையாது. அந்தக் கோவையை ஈமாக்ஸிலேயே ஒட்டி, மறுவடிவமாக்கும் கட்டளையை இயக்கினோம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அடுத்தடுத்து வந்து நின்றன. நீண்ட விளக்கம் அதன்பின் தேவைப்படவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் எதைச் செய்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. களஞ்சியத்தின் வரலாற்றிலிருந்து கோப்பை நீக்குவதே அவசரம் என்றார் ஒரு சக ஊழியர். கடவுச்சொல்லை மாற்றுவதே முதல் வேலை என்பது என் நிலை. வரலாற்றைத் திருத்தினாலும் ஏற்கெனவே பிரதியெடுத்தவர்களின் கணினிகளிலும் காப்புப் பிரதிகளிலும் பழைய வரி இருந்துகொண்டேதான் இருக்கும். கடவுச்சொல் செல்லாமல் போய்விட்டாலோ அந்த வரி எங்கே கிடந்தாலும் கேடில்லை. அதன்படி அன்றே கடவுச்சொல் மாற்றப்பட்டது. கிடைத்த நுழைவுப் பதிவுகளில் அறிமுகமற்ற நுழைவு எதுவும் இல்லை. களஞ்சிய வரலாற்றைப் பின்னர், அவசரமின்றித் திருத்தினோம்.

அடுத்ததாக, அஞ்சலுக்கென்று தனிக் கடவுச்சொல் உருவாக்கினோம். உரைத்திருத்தி போன்ற செயலிகளுக்கெனத் தனிக் கடவுச்சொல் வழங்கும் வசதி அந்தச் சேவையில் முன்பே இருந்தது. எவரும் அதைப் பயன்படுத்தியதில்லை. அது வெளிப்பட்டாலும் அஞ்சல் அனுப்ப மட்டுமே உதவும், விடுப்பு விண்ணப்பத்தையோ நூலகக் கணக்கையோ திறக்காது. சில சேவைகளில் கணக்குக் கடவுச்சொல்லைக் கொண்டு அனுப்பவே முடியாது. தனிநபர் ஜிமெயில் கணக்குகளில், வெறும் கணக்குக் கடவுச்சொல்லைக் கொண்டு வெளிச் செயலிகள் நுழைவதை 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்தத் தொடங்கியது. ஈரடுக்குச் சரிபார்ப்பை இயக்கியவர்களுக்கு மட்டும் 16 எழுத்துகள் கொண்ட செயலிக் கடவுச்சொல் கிடைக்கும். எங்கள் குழுவில் அத்தகைய கணக்கு வைத்திருந்த ஒருவர் அதை நான்கு நான்காக இடைவெளி விட்டுக் காட்டியபடியே கோப்பில் ஒட்டிவிட்டு, ஏன் ஏற்கவில்லை என்று வியந்துகொண்டிருந்தார். ஆத்இன்ஃபோ கோப்பில் இடைவெளி என்பது அடுத்த சொல்லின் தொடக்கம். இடைவெளிகளை எடுத்துவிட வேண்டும், அல்லது முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும்.

வழியைப் பொறுத்தவரை, போர்ட் 587-இலேயே ஸ்டார்ட்-டிஎல்எஸ்ஸைக் கட்டாயமாக்குவதா, தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் பேசும் போர்ட் 465-க்கு மாறுவதா என்ற கேள்வி இருந்தது. முன்னதில், ஸ்ட்ரீம்-டைப் மாறிக்கு ‘ஸ்டார்ட்-டிஎல்எஸ்’ என்ற மதிப்பைக் கொடுத்தால், குறியாக்கத்துக்கு மாற முடியாதபோது ஈமாக்ஸ் இணைப்பையே துண்டித்துவிடும். எனவே அதுவும் பாதுகாப்பானதே. ஆயினும் உரையாடலின் முதல் சில வரிகள் திறந்த வெளியில் நடக்கின்றன, நடுவிலுள்ள கருவி கைவைப்பதற்கு அங்கே இடமிருக்கிறது. 465-இல் அந்த இடைவெளியே இல்லை. 2018 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 8314-உம் அஞ்சல் ஒப்படைப்புக்கு இந்த வழியையே முன்வைக்கிறது. சேவையகம் இரண்டையும் ஆதரித்ததால் 465-ஐத் தேர்ந்தோம். ஈமாக்ஸில் இதற்கான மதிப்பின் பெயர் ‘எஸ்எஸ்எல்’. பெயர் பழையது, நடப்பது டிஎல்எஸ்தான். பெயரைக் கண்டு ஆய்வாளர் தயங்கியதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

சேமிப்புக்கு, ஜிபிஜி என்ற குறியாக்க மென்பொருள் மூலம் குறியாக்கிய ‘.ஆத்இன்ஃபோ.ஜிபிஜி’ கோப்பைத் தேர்ந்தோம். ஈமாக்ஸ் அதை நேரடியாகத் திறந்து படிக்கும். அஞ்சலை எம்எஸ்எம்டிபி என்ற தனி நிரலிடம் ஒப்படைக்கும் வழியையும் பேசினோம். அதில் குறை ஏதும் இல்லை, குழுவில் இருவர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் தவறான நம்பிக்கையில் எழுதிய இரண்டு வரிகளால் தொடங்கிய சிக்கலைத் தீர்க்க, இன்னோர் அமைப்புக் கோப்பைக் கற்றுக்கொள்ளச் சொல்வது பொருத்தமாகப் படவில்லை.

நடைமுறையில் இடறிய இடங்கள்

முதல் நாள் போர்ட் 587-ஐ மாற்றாமல், புதிய கடவுச்சொல்லைக் குறியாக்கிய கோப்பில் மட்டும் எழுதி அஞ்சல் அனுப்பிப் பார்த்தோம். சேவையகம் 535 என்ற எண்ணோடு மறுத்தது. அங்கீகாரம் தோற்றது என்பது அதன் பொருள். புதிய கடவுச்சொல்லை மூன்று முறை சரிபார்த்தும் பலனில்லை. காரணம் வேறிடத்தில் இருந்தது. கடவுச்சொற்களைத் தேடும் ஆத்-சோர்ஸ் பகுதி இயல்பாக மூன்று கோப்புகளை வரிசையாகப் பார்க்கிறது: முதலில் வெற்று ‘.ஆத்இன்ஃபோ’, அடுத்து குறியாக்கியது, கடைசியாக ‘.நெட்ஆர்சி’. பழைய வெற்றுக் கோப்பு இன்னும் இருந்ததால் செல்லாத பழைய கடவுச்சொல்லே எடுக்கப்பட்டது. கடவுச்சொல்லை மாற்றாமல் குறியாக்கிய கோப்பை மட்டும் உருவாக்கியிருந்தால் அஞ்சல் தடையின்றிப் போயிருக்கும். வெற்றுக் கோப்பே தொடர்ந்து பயன்பட்டு வந்ததை நாங்கள் அறிந்திருக்கவே மாட்டோம். இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கணம் இதுதான். வெற்றுக் கோப்பை அழித்து, தேடல் பட்டியலில் குறியாக்கிய கோப்பை மட்டும் வைத்தோம்.

படித்த விவரத்தை ஆத்-சோர்ஸ் இயல்பாக 7200 வினாடிகள், அதாவது 2 மணி நேரம், நினைவகத்தில் வைத்திருக்கும். ஆகவே கோப்பில் கைவைத்த ஒவ்வொரு முறையும் அந்த நினைவை அழிக்கும் கட்டளையையும் இயக்கினோம். இதைச் செய்யாமல் சோதித்தால், சோதிப்பது புதிய கோப்பையா பழைய நினைவையா என்பது தெரியாது.

மறுநாள் போர்ட்டை 465-க்கு மாற்றியதும் ஈமாக்ஸ் மீண்டும் கடவுச்சொல்லைக் கேட்டது. குறியாக்கிய கோப்பிலிருந்த வரியில் போர்ட் 587 என்று எழுதியிருந்ததால், 465-க்கான தேடலுக்கு அந்த வரி பொருந்தவில்லை. கடவுச்சொல்லைத் தட்டியிருந்தால், சேமிக்கலாமா என்ற அதே பழைய கேள்வி அடுத்து வந்திருக்கும். ஆய்வாளர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வரியில் எண்ணைத் திருத்தினோம்; சேமிக்கலாமா என்ற கேள்வியே எழாதபடி ஆத்-சோர்ஸின் சேமிப்பு நடத்தைக்கான மாறியையும் வெறுமையாக்கினோம். பிணையப் பாதுகாப்புத் தரவுக் கோப்பிலிருந்த ‘எப்போதும்’ விதிவிலக்கும் அன்றே நீக்கப்பட்டது.

முனையத்தில் இயங்கும் ஈமாக்ஸில் ஜிபிஜியின் கடவுத்தொடர் கேட்கும் பெட்டி திரையைக் குலைத்தது. கேள்வியை ஈமாக்ஸின் அடிவரியிலேயே கேட்கும்படி ‘லூப்பேக்’ முறைக்கு மாற்றியதும் அது சரியானது.

பின்னர் நடந்தவை

அந்த அலுவலகத்தின் விருந்தினர் வைஃபையில் போர்ட் 465 அடைக்கப்பட்டிருந்தது. 587-இல் கட்டாய ஸ்டார்ட்-டிஎல்எஸ் மதிப்போடு முயன்றபோது அஞ்சல் போகவில்லை. எழுதியது ஈமாக்ஸின் எழுதுமிடமான பஃபரிலேயே நின்றது. முன்பு போன அஞ்சல் இப்போது ஏன் போகவில்லை என்று ஆய்வாளர் சலித்துக்கொண்டார். அவருடைய சலிப்பு நியாயமானது, ஆனால் அமைப்பு செய்ய வேண்டியதைத்தான் செய்தது. அங்கே இருக்கும் நாள்களில் கைபேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக அனுப்புகிறார். அடுத்த ஆறு மாதங்களில் எனக்கு வந்த அவருடைய அஞ்சல்கள் அனைத்திலும் அந்த ஓர் எழுத்து இருந்தது.

சேவையகத்தை நடத்துவோருக்கு 3 அஞ்சல்களின் தலைப்பு வரிகளை இணைத்துக் கடிதம் எழுதினோம். அவர்கள் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சேவையக மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். டிஎல்எஸ் தொடங்கும்வரை அங்கீகாரத்தை முன்வைக்காதே என்று சொல்லும் ஓர் அமைப்பு அதில் உண்டு. இயல்பாக அது அணைந்திருக்கும். இரண்டு வாரத்தில் அதை இயக்கினார்கள். இப்போது எவருடைய கணினியில் தவறான அமைப்பு இருந்தாலும், திறந்த இணைப்பில் சேவையகம் அங்கீகாரத்தை முன்வைப்பதில்லை. நாங்கள் ஒரு கணினியில் இரண்டு நாள் செய்த வேலையைவிட அந்த ஒரு வரியின் பயன் பெரிது. இவை அனைத்தும் காப்பது ஆய்வாளரின் கணினிக்கும் முதல் சேவையகத்துக்கும் இடையிலான வழியையும் கடவுச்சொல்லையும்தான். அஞ்சலின் உள்ளடக்கம் சேவையகத்தில் படிக்கக்கூடியதாகவே இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லியிருந்தேன்.

இப்போது செய்தால் மாற்றிச் செய்பவை

சேவையகத்தாருக்கான கடிதத்தைக் கடைசியில் எழுதினோம். அது முதல் நாளே போயிருக்க வேண்டும். அஞ்சல் போய்விட்டது என்பதைச் சோதனையாக எடுத்துக்கொள்ளாமல், தனக்குத்தானே ஓர் அஞ்சல் அனுப்பி ‘ரிசீவ்டு’ வரியைப் பார்க்கும்படி ஒவ்வொருவரிடமும் தொடக்கத்திலேயே கேட்டிருக்கலாம். இதற்கு ஒரு நிமிடம் போதும்.

குறியாக்கிய கோப்பைத் திறக்கும் தனித் திறவுகோலின் பிரதி பழைய மடிக்கணினியில் மட்டுமே இருந்ததை, அந்தக் கணினியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முந்தைய நாள்தான் கவனித்தோம். அதை இழந்திருந்தால் புதிய செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கினால் போதும், பெரிய இழப்பில்லை. ஆனால் அந்த நேரத்துக்குள் அதே கோப்பில் அவர் வேறு ஏழு கணக்குகளின் விவரங்களையும் சேர்த்திருந்தார். திறவுகோலின் காப்புப் பிரதியைக் கோப்பை உருவாக்கும் அதே வேளையில் எடுத்திருக்க வேண்டும்.

மற்ற ஏழு பேரின் கணினிகளையும் பின்னர் பார்த்தபோது, இருவரிடம் வெற்றுக் கடவுச்சொல் கோப்புகள் இருந்தன. ஒன்று ‘.ஆத்இன்ஃபோ’, மற்றொன்று, எதற்காக எழுதினோம் என்பதே உரியவருக்கு நினைவில்லாத ‘.நெட்ஆர்சி’. இரண்டிலும் இருந்த கடவுச்சொற்களை மாற்றிய பிறகே கோப்புகளை அழித்தோம்.